யார் கையில் தூரிகை? பஜ்ஜு ஷியாமின் வாழ்வும் படநூல்களும்

1965 செப்டம்பரில் அமெரிக்காவின் ‘சாட்டர்டே ரெவ்யூ’ இதழில் நான்சி லாரிக் என்ற கல்வியாளர் ஒரு கட்டுரை எழுதினார். மழலையர் பள்ளியில் படப்புத்தகம் பார்த்துக்கொண்டிருந்த ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி, இதில் வரும் பிள்ளைகள் எல்லாரும் ஏன் வெள்ளைக்காரர்களாகவே இருக்கிறார்கள் என்று கேட்ட செய்தியோடு அது தொடங்கியது. லாரிக் பதிப்பகங்களுக்கு எழுதிக் கேட்டு, 1962 முதல் 1964 வரை வெளியான 5,206 சிறார் நூல்களைக் கணக்கில் எடுத்தார். அவற்றில் கறுப்பினத்தவர் ஒருவராவது தலைகாட்டியவை 349 மட்டுமே. நூற்றுக்கு ஏழுகூடத் தேறவில்லை.

அதே காலத்தில்தான், 1962-இல், எஸ்ரா ஜாக் கீட்ஸின் ‘தி ஸ்னோயி டே’ வந்தது. சிவப்பு உடுப்பு அணிந்து பனியில் விளையாடும் பீட்டர் என்ற கறுப்பினச் சிறுவன் அதன் நாயகன். மறு ஆண்டே சிறந்த படநூலுக்கான கால்டிகாட் பதக்கம் அந்த நூலுக்குக் கிடைத்தது. வரைந்த கீட்ஸ், போலந்திலிருந்து குடியேறிய யூதப் பெற்றோரின் மகன். அன்போடு உருவான நல்ல நூல் அது. ஆனாலும் கறுப்பினச் சிறுவன் தாளுக்குள் வந்துவிட்ட பிறகும், அவனை வரையக்கூடிய கறுப்பினக் கலைஞர்கள் பெரும்பாலும் வாசலிலேயே நின்றார்கள்.

1969-இல் ஜான் ஸ்டெப்டோவின் ‘ஸ்டீவி’ வெளியானது. நியூயார்க்கின் புரூக்ளினில், கறுப்பின மக்கள் நெருங்கி வாழ்ந்த பெட்ஃபோர்டு-ஸ்டைவசன்ட் பகுதியில் வளர்ந்தவர் ஸ்டெப்டோ. பதினாறு வயதில் எழுதிய கதையை, இருபது நிறைவதற்குள் நூலாக்கிவிட்டார். அம்மா பார்த்துக்கொள்வதற்காக வீட்டுக்கு வரும் சின்னப் பையன் மேல் எரிச்சல்படும் ராபர்ட், அவன் போன பிறகு அவனை நினைத்து ஏங்குகிறான், இவ்வளவுதான் கதை. ராபர்ட் தன் தெருவில் எப்படிப் பேசுவானோ அப்படியே நூலிலும் பேசினான். கனத்த கறுப்புக் கோடுகளுக்குள் அடர்ந்த வண்ணங்கள் எரிந்தன. ‘லைஃப்’ இதழ் முழுக்கதையையும் படங்களோடு வெளியிட்டது. கறுப்பினப் பிள்ளைகளுக்காகக் கறுப்பின இளைஞர் ஒருவர், அவர்கள் பேச்சிலேயே, தம் கோட்டிலேயே செய்த நூல் அது.

இந்த இரண்டு நூல்களுக்கும் இடையே ஏழு ஆண்டுத் தொலைவுதான். ஆனால் அந்தத் தொலைவில் பெரிய உண்மை ஒன்று இருக்கிறது. ஒரு மக்கள் கூட்டத்தின் முகம் குழந்தை நூலில் இடம்பெறுவது முதல் படி. அந்த மக்களின் கையே வரைவதும், அந்தக் கைக்குப் பெயரும் கூலியும் உரிமையும் கிடைப்பதும் அடுத்த படி. நம் நாட்டில் பெரும்பாலும் முதல் படியிலேயே மனநிறைவு அடைந்துவிடுகிறோம். இரண்டாவது படியில் ஏறியவர்கள் யார், ஏறியபோது என்ன நடந்தது என்று பார்க்க வேண்டுமானால் மத்தியப் பிரதேசத்தின் கோண்டு ஓவியர் பஜ்ஜு ஷியாமின் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். அவருடைய நூல்கள் பிறந்த இடம் சென்னை என்பதால் இது தமிழ்நாட்டின் கதையும்கூட. கர்நாடக எல்லையோரத்தில் பல மொழியும் பல ஊர்ச் சனமும் கலந்து வாழும் எங்கள் தளிப் பகுதிக்கு அதில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

பாடகர்களின் ஊர்

நர்மதை ஆற்றின் தலைப்பகுதியில், முன்பு மண்டலா மாவட்டத்திலும் 1998 முதல் திண்டோரி மாவட்டத்திலும் அடங்கிய சிற்றூர் பாட்டன்கர். பஜ்ஜு ஷியாம் அங்கே 1971-இல் பிறந்தார். கோண்டர்கள் இந்தியாவின் மிகப் பெரிய பழங்குடி மக்களில் ஒருவர். அவர்களின் கோண்டி, தமிழையும் தெலுங்கையும் போலத் திராவிடக் குடும்பத்து மொழி. மண்டலாப் பக்கத்துக் கோண்டர்கள் பெரும்பாலும் இந்தியின் வட்டார வழக்கைப் பேசுகிறார்கள்.

பஜ்ஜு பிறந்தது பர்தான் பிரிவில். பர்தான்கள் கோண்டர்களின் பாணர்கள். பானா என்ற மூன்று நரம்பு வாத்தியத்தை இசைத்துத் தங்கள் தெய்வமான படாதேவைப் பாடுவதும், புரவலர் குடும்பங்களின் வம்ச வரலாற்றைப் பாடுவதும் அவர்களின் குலத்தொழில். படாதேவ் குடியிருப்பது சாஜா மரத்தில். நாம் கருமருது என்று சொல்லும் இனம் அது. புரவலர்களின் நிலை தாழ்ந்ததும் பாட்டுக்குக் கிடைத்துவந்த தானியமும் துணியும் நின்றன. பாணர்கள் கூலிகளானார்கள். பாணர் மரபின் ஏற்றத்தையும் வறுமையையும் சங்கப் பாட்டில் படித்த நமக்கு இது அந்நியமான சேதி இல்லை.

பாடிக்கொண்டிருந்த குலம் வரையத் தொடங்கியதற்கு ஓர் ஆரம்பம் உண்டு. சிம்லாவில் தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்த ஓவியர் ஜெ. சுவாமிநாதன், போபாலில் உருவாகிக்கொண்டிருந்த பாரத் பவன் கலை மையத்துக்காகப் பழங்குடிக் கலைஞர்களைத் தேடிக் குழுக்களை அனுப்பினார். அந்தக் குழுவினர் பாட்டன்கரில் ஒரு வீட்டுச் சுவரில் கண்ட ஓவியத்தை வைத்து, அதை வரைந்த இளைஞரைத் தேடிப் பிடித்தார்கள். ஜன்கர் சிங் ஷியாம் என்ற அந்த இளைஞர் போபாலுக்கு வந்தார். 1982-இல் பாரத் பவன் திறந்தபோது அவர் ஓவியங்களும் அங்கே இருந்தன. வாயால் மட்டும் பாடப்பட்டுவந்த கடவுளருக்கும் விலங்குகளுக்கும் தாளிலும் துணியிலும் உருவம் கொடுத்தவர் அவர். 1989-இல் பாரிஸின் பொம்பிடு மையத்தில் நடந்த உலகக் கண்காட்சியில் அவர் படைப்புகள் இடம்பெற்றன. 2001-இல் ஜப்பானின் மிதிலா அருங்காட்சியகத்தில் தங்கி வேலை செய்துகொண்டிருந்தபோது, நாற்பது வயதுகூட ஆகாத நிலையில், தம் உயிரை மாய்த்துக்கொண்டார். பெயர் உலகத்தை எட்டினாலும், அந்நிய மண்ணில் தனியாக உழைக்கும் கலைஞருக்கு ஏற்ற காப்பும் துணையும் கூடவே எட்டுவதில்லை என்பதை அந்த மரணம் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

எட்டாத உயரத்தை எட்டியவர்

பஜ்ஜு, ஜன்கரின் உறவினர். அவருடைய முதல் பள்ளி வீட்டுச் சுவர். கோண்டு வீடுகளில் பண்டிகை நாள்களில் சாணமும் மண்ணும் பூசிய சுவரிலும் தரையிலும் திக்னா என்னும் கோல வடிவங்களைப் பெண்கள் வரைவார்கள். வெள்ளைக் களிமண், செம்மண், கரி இவைதான் வண்ணங்கள். அம்மா வரையும்போது கைக்கு எட்டாத மேல்பகுதியை மகன் வரைந்து நிரப்புவான். இந்தியாவின் சிறந்த படநூல் கலைஞர்களில் ஒருவருடைய பயிற்சி இப்படித்தான் தொடங்கியது.

பதினாறு வயதில் பிழைப்புத் தேடி ஊரை விட்டார். போபாலில் இரவுக் காவலாளியாக இருந்தார், மின்வேலை பார்த்தார். பிறகு ஜன்கர் அவரைத் தம் வீட்டுக்கு அழைத்து உதவியாளராக வைத்துக்கொண்டார். ஜன்கர் கோட்டுருவம் போடுவார். அதற்குள் புள்ளியும் வரியும் இட்டு நிரப்புவது பஜ்ஜுவின் வேலை. கோண்டு ஓவியத்தில் இந்த நிரப்பு வேலை வெறும் அலங்காரம் கிடையாது. ஒவ்வொரு கலைஞருக்கும் தமக்கே உரிய நிரப்பு வடிவம் உண்டு. ஒருவர் அரிசி மணி போன்ற புள்ளி வைப்பார். இன்னொருவர் பிறை போல வளைத்த கீற்றுகளை அடுக்குவார். அடியில் பெயர் எழுதாவிட்டாலும் அது யார் கை என்று ஊர்க்காரர்களுக்குத் தெரிந்துவிடும். பஜ்ஜுவின் கோடு தனித்து நிற்கத் தொடங்கியதைக் கண்ட ஜன்கர், இனி உன் படத்தை நீயே வரை என்று சொல்லி அனுப்பினார். 1998-இல் பாரிஸில் நடந்த குழுக் கண்காட்சியில் பஜ்ஜுவின் ஓவியங்களும் வைக்கப்பட்டன.

லண்டனுக்குள் ஒரு காடு

2000-களின் தொடக்கத்தில், லண்டனின் இஸ்லிங்டன் பகுதியில் ஓர் இந்திய உணவகத்தின் சுவர்களில் ஓவியம் தீட்ட பஜ்ஜு அழைக்கப்பட்டார். இரண்டு மாத வேலை. ஆங்கிலம் தெரியாது. விமானப் பயணமும் குளிரும் சாப்பாடும் நிலத்தடி ரயிலும் எல்லாமே புதிது. ஊருக்குத் திரும்பியவர் பயணத்தைக் கதைகதையாகச் சொன்னார். சென்னையில் தாரா பதிப்பகம் நடத்திய பட்டறையில் அதைக் கேட்ட கீதா உல்ஃப்பும் சிரீஷ் ராவும், இதை அப்படியே வரைந்தால் என்ன என்று கேட்டார்கள். அப்படிப் பிறந்த ‘தி லண்டன் ஜங்கிள் புக்’ 2004-இல் வெளிவந்தது.

அந்த நூலைப் பக்கம் பக்கமாகப் பார்க்கையில் ஒரு முறை புலப்படும். பஜ்ஜு லண்டனைப் பார்த்தபடி நகல் எடுக்கவில்லை. தமக்குத் தெரிந்த உயிர்களைக் கொண்டு அந்த நகரத்தைப் புரிந்துகொள்கிறார். அவ்வளவு கனமான இரும்பு வானத்தில் ஏறுவது யானை பறப்பதற்குச் சமம் என்று அவருக்குத் தோன்றியது. ஆகவே அவருடைய விமானம் சிறகு முளைத்த யானை. கோண்டர்களின் தொன்மத்தில் பூமிக்கு அடியில் இருக்கும் உலகம் மண்புழுவுடையது. ஆகவே நிலத்தடி ரயில் பெரிய மண்புழுவாக நெளிகிறது. தினமும் தவறாமல் வந்து தம்மை வேலைக்கு அழைத்துப்போன 30-ஆம் எண் பேருந்து, விசுவாசமுள்ள நாயாக ஆகிறது. பகலெல்லாம் ஒடுங்கியிருந்து, மாலையானதும் மதுக்கூடங்களில் கூடிக் கலகலக்கும் ஆங்கிலேயர்கள் வௌவால்களாகத் தொங்குகிறார்கள். அதில் ஏளனம் ஏதும் இல்லை. இருட்டில் உயிர்பெறும் உயிர்கள் என்ற வியப்புதான் இருக்கிறது.

அட்டைப்படத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். லண்டனின் பிக் பென் கடிகாரக் கோபுரமும் ஒரு சேவலும் ஓருடலாக நிற்கின்றன. பாட்டன்கரில் பொழுது சொல்வது சேவல். லண்டனில் பொழுது சொல்வது அந்தக் கோபுரம். எது முன்னேறியது, எது பின்தங்கியது என்ற பேச்சே படத்தில் கிடையாது. கோபுரத்தின் நிமிர்ந்த கோடும் சேவலின் வளைந்த கழுத்தும் ஒன்றை ஒன்று தாங்குகின்றன. இரண்டு காலங்கள் ஒரே தாளில் சமமாகச் சந்திப்பதை ஐந்து வயதுப் பிள்ளையும் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்ளும். மேற்கத்திய நவீன ஓவியம் படித்தவருக்கு இந்தப் படம் வரைவது கடினம். சேவலை நம்பி எழுந்த கைக்குத்தான் இது வரும்.

நூலின் பெயரில் ஒரு வரலாற்றுக் கணக்கும் தீர்க்கப்படுகிறது. ரட்யார்ட் கிப்ளிங்கின் ‘தி ஜங்கிள் புக்’ 1894-இல் வெளியானது. அதில் மோக்லி என்ற சிறுவன் வளரும் காடு சியோனி மலைப்பகுதி. கோண்டர்களின் நிலமான அது மண்டலாவுக்கு அடுத்தது. மறு ஆண்டு வந்த இரண்டாம் நூலில் கோண்டர்கள் காட்டில் திரியும் வேட்டைக்காரர்களாகத் தலைகாட்டிவிட்டு மறைகிறார்கள். தங்கள் காட்டைப் பற்றி உலகமே படித்த நூலில் அவர்களுக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான். நூற்றுப்பத்து ஆண்டுகள் கழித்து அதே கோண்டு மக்களில் ஒருவர் லண்டனுக்குப் போய், அந்த நகரத்தைத் தம் காட்டின் உயிர்களால் வரைந்து, தம் பெயரை அட்டையில் போட்டுக்கொண்டார். அதுவரை வெளியூர்க்காரர்கள்தான் பழங்குடிகளைப் பார்த்துக் குறிப்பெடுத்தார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த மானிடவியலாளர் வெரியர் எல்வின் பாட்டன்கரிலேயே பல ஆண்டுகள் வாழ்ந்து எழுதியவர். பஜ்ஜுவின் நூலில் பார்க்கும் கண் இடம் மாறிவிட்டது.

சென்னையின் கைகள்

இந்த நூல்களின் இன்னொரு பாதி சென்னையில் இருக்கிறது. கீதா உல்ஃப் 1994-இல் தொடங்கிய தாரா பதிப்பகம் திருவான்மியூரில் இயங்குகிறது. சாதி ஒழிப்பு வரலாற்றை எழுதிய ஆய்வாளராகத் தமிழ் வாசகர்கள் அறிந்த வ. கீதா அதன் பதிப்பாசிரியர்களில் ஒருவர். வார்லிப் பழங்குடி ஓவியப் பாணியில் இந்திரபிரமித் ராய் படம் வரைந்த ‘தி வெரி ஹங்ரி லயன்’ நூலின் கையச்சு மாதிரியைப் பிராங்பர்ட் புத்தகச் சந்தைக்கு அவர்கள் கொண்டுபோனபோது, கனடா பதிப்பகம் ஒன்று 8,000 பிரதிகள் கேட்டது. அத்தனையும் கையாலேயே அச்சிடப்பட்டன. அங்கிருந்துதான் ஆறுமுகம் தலைமையிலான ஏ.எம்.எம். ஸ்கிரீன்ஸ் அச்சகம் வளர்ந்தது.

கல்யாணப் பத்திரிகையும் பனியன் எழுத்தும் அச்சாவதைப் பார்த்தவர்களுக்கு ஸ்கிரீன் பிரின்டிங் தெரியும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலை, அதன் மேல் மை, மையை வழித்து இழுக்கும் ரப்பர் பட்டை. ஒரு வண்ணத்துக்கு ஒரு சட்டம். ஒரு வண்ணம் அச்சானதும் தாளை எடுத்துத் தட்டில் காயவைக்க வேண்டும். காய்ந்த பிறகு அடுத்த வண்ணம், மயிரிழை விலகாமல் முதல் வண்ணத்தின் மேல் உட்கார வேண்டும். ஒரு நூலின் ஒவ்வொரு பக்கமும் இப்படிப் பலமுறை மனிதக் கைபட்டு நகர்கிறது. பிறகு நூல் கொண்டு தைக்கிறார்கள்.

இந்த முறையின் உச்சம் 2006-இல் வந்த ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’. பஜ்ஜு ஷியாம், துர்காபாய் வியாம், ராம் சிங் உர்வேதி மூவரும் சேர்ந்து வரைந்தது. பகலில் மரங்கள் நிழலும் உணவும் கொடுத்து உழைக்கின்றன. இரவில்தான் அவற்றின் ஆவி வெளிப்படுகிறது என்பது கோண்டர்களின் நம்பிக்கை. அதனால் தாளே கறுப்பு. கறுப்புத் தாளில் வெளிர்நிற மையால் அச்சான மரங்கள், இருட்டுக்குப் பழகிய கண்ணுக்குத் தெரிவதுபோல் மெல்ல எழுகின்றன. பூவில் சாராயம் காய்ச்சும் மஹுவா மரமும் அதில் உண்டு. நம் இலுப்பைக்கு உடன்பிறப்பு. 2008-இல் இந்த நூலுக்குச் சிறார் நூல்களுக்கான போலோஞா ராகாஸி விருது கிடைத்தது. 2013-இல் ஆசியாவின் சிறந்த சிறார் பதிப்பகம் என்ற போலோஞா பரிசு தாராவுக்கு வந்தது. பஜ்ஜு ஷியாமுக்கு 2018-இல் பத்மஸ்ரீ அளிக்கப்பட்டது.

கட்டத்துக்குள் அடங்காதவர்

மூவரில் ஒருவரான துர்காபாய் வியாமைப் பற்றித் தனியாகச் சொல்லாமல் இந்தக் கதை நிறையாது. மண்டலா மாவட்டத்தின் பர்பஸ்பூரில் பிறந்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை. சிறுவயதில் பாட்டியிடம் திக்னா கற்றார். பதினைந்து வயதில் சுபாஷ் வியாமுக்கு மனைவியானார். சுபாஷின் சகோதரி நன்குசியா, ஜன்கரின் மனைவி. ஆக இதுவும் அதே ஓவியக் குடும்பம்தான். போபாலுக்கு வந்த துர்காபாய் வீட்டு வேலை செய்து குடும்பத்தைத் தாங்கியபடியே வரைந்தார். 2022-இல் பத்மஸ்ரீ பெற்றார்.

2011-இல் நவயானா பதிப்பகம் வெளியிட்ட ‘பீமாயணா’, அண்ணல் அம்பேத்கரின் தீண்டாமை அனுபவங்களைச் சொல்லும் படக்கதை. எழுத்து ஸ்ரீவித்யா நடராஜனும் எஸ். ஆனந்தும், ஓவியம் துர்காபாயும் சுபாஷும். படக்கதை என்றாலே பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பது உலக வழக்கம். தங்கள் மனிதர்களைப் பெட்டிக்குள் அடைக்க மாட்டோம் என்று இருவரும் மறுத்துவிட்டார்கள். கட்டங்களுக்குப் பதிலாகத் திக்னா வளைவுகள் பக்கத்தைப் பிரித்தன. பேச்சுக் குமிழிகளும் மாறின. அன்பானவர்களின் பேச்சு பறவை வடிவில் பறக்கிறது. சாதி வெறுப்பு கக்கும் பேச்சுக்குத் தேள் கொடுக்கு முளைக்கிறது. பள்ளியில் சிறுவன் பீமுக்குத் தண்ணீர் மறுக்கப்படும் பகுதியில் தாகத்தையும் நீரையும் மீன்களும் நீர்வாழ் உயிர்களும் சொல்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாமலேயே வளர்ந்த ஒருவர், வாசிப்பின் இலக்கணத்தையே மாற்றினார். கதையைச் சொல்லும் உரிமையோடு, எப்படிச் சொல்வது என்று முடிவெடுக்கும் உரிமையும் அவர் கையில் இருந்ததால்தான் இது நடந்தது.

இரண்டு வரலாறுகளின் ஒற்றுமையும் வேற்றுமையும்

அமெரிக்காவில் ஒருமுறை திறந்த கதவு தானாகத் திறந்தே நின்றுவிடவில்லை. லியோ தில்லன் தம் மனைவி தயானோடு சேர்ந்து 1976-இல் கால்டிகாட் பதக்கம் பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர். அதற்குப் பிறகும் 1985-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சிறார் நூல் மையம் எண்ணிப் பார்த்தபோது, அந்த ஆண்டு வெளியான சுமார் 2,500 சிறார் நூல்களில் கறுப்பினப் படைப்பாளிகள் எழுதியவையோ வரைந்தவையோ 18 மட்டுமே இருந்தன. அந்த எண்ணை ஆண்டுதோறும் வெளியிட்டுக் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1969-இல் தொடங்கிய கொரெட்டா ஸ்காட் கிங் விருது கறுப்பினக் கலைஞர்களைத் தொடர்ந்து முன்னிறுத்தியது. ஐம்பது ஆண்டு உழைப்புக்குச் சொந்தக்காரரான ஜெர்ரி பிங்க்னி, எழுத்தே இல்லாத ‘தி லயன் அண்ட் தி மவுஸ்’ நூலுக்காக 2010-இல் கால்டிகாட் பதக்கம் வாங்கினார். 1989-இல், நாற்பது வயது ஆகும் முன்பே மறைந்த ஜான் ஸ்டெப்டோவின் மகன் ஜவாகா ஸ்டெப்டோ 2017-இல் அதே பதக்கத்தைப் பெற்றார். தந்தையின் கையிலிருந்து மகனின் கைக்கு ஒரு கலை போய்ச்சேர ஒரு தலைமுறை போதும். ஆனால் அதற்கு நடுவில் பள்ளிகள், நூலகங்கள், விருதுகள், எண்ணிக்கைகள் என்று ஒரு சமூகமே வேலை செய்ய வேண்டியிருந்தது.

ஸ்டெப்டோவுக்கும் பஜ்ஜுவுக்கும் ஆழமான வேற்றுமையும் உண்டு. ஸ்டெப்டோ தம் தெருப் பிள்ளைகளின் பேச்சில் தாமே எழுதினார். அந்தப் பிள்ளைகளே அவருடைய வாசகர்கள். பஜ்ஜு வாய்மொழியாகச் சொன்ன கதையைப் பதிப்பகத்தார் ஆங்கிலத்தில் எழுதினார்கள். அந்த நூல் லண்டனிலும் பாரிஸிலும் டோக்கியோவிலும் கைமாறியது. கையால் செய்த நூலின் விலை, பாட்டன்கரின் பள்ளிக்கூடத்துக்கோ தளியின் பள்ளிக்கூடத்துக்கோ எட்டக்கூடியது இல்லை. கலைஞருக்குப் பெயர் கிடைத்தது. அவர் ஊர்ப் பிள்ளையின் மடியில் அந்த நூல் வந்து உட்காரவில்லை. தாராவின் பணியைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. சுவரோவியரை நூலாசிரியராக மதித்து அட்டையில் பெயர் போட்ட அந்தத் துணிவுக்கு இந்தியச் சிறார் இலக்கியம் கடன்பட்டிருக்கிறது. அடுத்த வேலை மீதமிருக்கிறது என்பதே என் வாதம். அந்த வேலைக்கும் நம்மிடையே முன்மாதிரி உண்டு. ஐதராபாத்தின் அன்வேஷி ஆய்வு மையம் 2008-இல் கொண்டுவந்த ‘டிஃபரென்ட் டேல்ஸ்’ வரிசை, கோகு சியாமளா போன்ற தலித் எழுத்தாளர்களின் கதைகளைத் தெலுங்கிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் பிள்ளைகளிடம் கொண்டுசென்றது.

தளியில் இருந்து பார்க்கையில்

கர்நாடக எல்லையை ஒட்டிய எங்கள் தளியைக் குளிருக்காகக் குட்டி இங்கிலாந்து என்று சொல்வார்கள். ஒரு பக்கம் ஓசூர் சிப்காட்டின் ஆலைகள். இன்னொரு பக்கம் ஜவளகிரிக் காடு. நடுவில் ரோஜா வளரும் பசுமைக்குடில்கள். ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் கேட்கும். தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கங்களில் இருளர் குடியிருப்புகள் இருக்கின்றன. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்த தொழிலாளர் குடும்பங்கள் ஆலைகளிலும் தோட்டங்களிலும் உழைக்கின்றன. ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிகளைச் சேர்ந்த சுமார் 6,000 பழங்குடிப் பெண்கள் ஓசூர் அருகே ஐபோன் தயாரிக்கப் பயிற்சி பெற்றிருக்கிறார்கள் என்று ஒன்றிய அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ் 2022-இல் அறிவித்தார். ஹசாரிபாக் என்றதும் ஓவியம் அறிந்தவர்களுக்கு சோராய் நினைவுக்கு வரும். அறுவடை முடிந்ததும் பெண்கள் மண்சுவரில் விலங்குகளையும் செடிகொடிகளையும் தீட்டும் மரபு அது. அதற்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்படிப்பட்ட சுவர்களைக் கொண்ட மண்ணிலிருந்து வந்தவர்களை நாம் வேலைக்கு வந்தவர்கள் என்று மட்டும் அறிந்திருக்கிறோம்.

எங்கள் மண்ணுக்கும் வரைந்த கை உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மல்லசந்திரம் குன்றில் உள்ள கற்திட்டைகளின் உட்புறத்தில் வெள்ளை வண்ணத்தில் தீட்டிய தொல்லோவியங்கள் இருக்கின்றன. புலியோடு பொருதவனுக்கும் ஆநிரை மீட்டு மாண்டவனுக்கும் எடுத்த நடுகற்கள் மாவட்டம் முழுக்க நிற்கின்றன. நடுகல்லில் மாண்டவன் பெயர் இருக்கும். உளி பிடித்தவன் பெயர் பெரும்பாலும் இருக்காது. நீலகிரியில் வெள்ளரிக்கொம்பைப் பக்கத்து ஆலு குறும்பர்கள் வேங்கைப் பிசினால் வரையும் ஓவியமும் இந்தத் தமிழ்நாட்டில்தான் உயிரோடு இருக்கிறது.

இங்கே யானையை எடுத்துக்கொள்ளுங்கள். கேழ்வரகு முற்றும் பருவத்தில் பன்னார்கட்டாக் காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி வழியாகத் தளிக்கும் ஓசூருக்கும் வருகின்றன. இரவெல்லாம் பரண்மேல் காவல் இருக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு யானை என்றால் இருட்டில் வரும் கிளை முறியும் ஓசை, அப்பாவின் டார்ச் வெளிச்சம், மறுநாள் மிதிபட்டுக் கிடக்கும் கதிர். அந்தப் பிள்ளையின் கையில் கிடைக்கும் படப்புத்தகத்தில் யானை பந்து விளையாடும். அல்லது நெற்றிப்பட்டம் கட்டிக் கோயில் வாசலில் நிற்கும். பறக்கும் யானையை பஜ்ஜு வரைந்தது அவர் கண்ட கனம் அவர் கையில் இருந்ததால். தளிப் பிள்ளை கண்ட யானையைத் தளியின் கைதான் வரைய முடியும்.

அதற்கான வழிகள் நம் கையில் இருக்கின்றன. தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறை 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் சிறு நூல்களை அச்சிட்டு அரசுப் பள்ளிகளுக்கு அனுப்புகிறது. விலைத் தடை இல்லாமல் கடைசி ஊர்வரை போகும் பாதை அது. அந்தப் பாதையில் இருளர், குறும்பர் கலைஞர்களின் கைவரைவும், ஓசூர் ஆலைகளுக்கு வந்த சோராய் நாட்டுப் பெண்களின் கைவரைவும் நூலாக வேண்டும். ஒரே நூல் தமிழிலும், இப்பகுதிப் பள்ளிகளில் பயிற்றுமொழியாக இருக்கும் தெலுங்கிலும் கன்னடத்திலும் உருதுவிலும் வர வேண்டும். வரைந்தவர் பெயர் உள்பக்க மூலையில் நன்றி என்ற வரியில் ஒதுங்காமல், அட்டையில் எழுதியவர் பெயருக்கு இணையான எழுத்தில் வர வேண்டும். மறுபதிப்பு ஒவ்வொன்றுக்கும் உரிமைத்தொகை போக வேண்டும். பக்கத்தை எப்படிப் பிரிப்பது, யானைக்கு என்ன நிறம் என்பதை அவர்களே முடிவுசெய்ய வேண்டும்.

அதற்கு முன் ஓர் எளிய வேலையை நாளைக்கே தொடங்கலாம். தளி ஒன்றியத்தின் ஆசிரியர்கள் தங்கள் பள்ளி நூலகத்தில் உள்ள படநூல்களை எடுத்து, எத்தனை நூல்களை வரைந்தவர் பெயர் அட்டையில் இருக்கிறது, எத்தனை நூல்கள் பழங்குடி, தலித் கலைஞர்கள் வரைந்தவை என்று பிள்ளைகளோடு உட்கார்ந்து எண்ணிக் கரும்பலகையில் எழுத வேண்டும். அமெரிக்காவில் வெட்கப்படவைத்த எண்கள்தான் பதிப்பாளர்களையும் நூலகங்களையும் அசைத்தன. நம் எண் சிறியதாகவே இருக்கட்டும். அதை வெளியே சொல்லுவோம். தூரிகை யார் கையில் இருக்கிறது என்று கேட்கப் பழகிய பிள்ளைகள், அதைத் தங்கள் கையில் வாங்கவும் தயங்க மாட்டார்கள்.